டிரக்டர் பெட்டியில் மடுவுக்கு: முதல் தடவை போகிறவர்களுக்கு

போன வருடம் ஆவணித் திருவிழாவுக்கு விசுவமடுவிலிருந்து டிரக்டரில் பெட்டி (டிரெய்லர்) பூட்டிக்கொண்டு மன்னார் மாவட்டத்து மடு மாதா கோயிலுக்குப் போய், அந்தப் பெட்டிக்கே கூரை போட்டு ஆறு நாள் தங்கி வந்தோம். போகிற வழியில் ஒரு தண்டம். போய் இறங்கிய அன்று பெட்டி பின்பக்கம் குத்துப்பட்டது. திரும்பி வரும்போது ஒரு சில்லுக்குக் காற்றுப் போனது. மூன்றுமே தவிர்த்திருக்கக்கூடியவை. முன்னர் பலமுறை போனவர்களிடம் கேட்டால், "அதெல்லாம் போகப் போகத் தெரியும் தம்பி" என்கிறார்கள். போகப் போகத் தெரிந்ததைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

ஜேர்மனியில் இருக்கிற மச்சான் காருக்குப் பின்னால் கரவன் இழுத்துக்கொண்டு விடுமுறைக்குப் போகிறவர். கட்டில், அடுப்பு, கக்கூசு எல்லாம் வைத்த சின்ன வீடு அது. நாங்கள் வெளிக்கிடப் போகிறோம் என்று கேள்விப்பட்டதும் வட்ஸ்அப்பில் மணிக்கணக்காகப் புத்தி சொன்னார். பாதி எங்களுக்குச் சரிவராது. மற்றப் பாதி நெல் மூட்டை ஏற்றுகிற பெட்டிக்கும் அச்சொட்டாகப் பொருந்தியது. அதையும் ஆங்காங்கே சேர்த்திருக்கிறேன்.

1. தாள்கள்: இரண்டு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள்

முதலில் ஒன்றை மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள்: பெட்டி ஒரு தனி வாகனம். அதற்குத் தனி இலக்கம், தனிப் புத்தகம், தனி வருமான அனுமதிப்பத்திரம் (வாகன லைசன்ஸ் என்கிறது அதைத்தான்). வயலுக்கும் வீட்டுக்கும் ஓடும் வரைக்கும் இதை யாரும் கேட்பதில்லை. ஏ9 வீதியில் ஏறினால் கேட்பார்கள்.

எனக்கு அப்படித்தான் நடந்தது. மாங்குளம் தாண்டி மறித்தார்கள். நான் தைரியமாக எல்லாத் தாள்களையும் எடுத்து நீட்டினேன். பொலிஸ்காரர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது டிரக்டருக்கு. பெட்டிக்கு?" என்றார். பெட்டியின் லைசன்ஸ் முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு துண்டு எழுதித் தந்தார். தபால் கந்தோரில் காசைக் கட்டி, பற்றுச்சீட்டோடு திரும்பவும் அந்த நிலையத்துக்குப் போய் அட்டையை எடுக்க ஒரு முழு நாள் போனது. தண்டக் காசைவிட அந்த அலைச்சல்தான் வயிற்றெரிச்சல்.

ஆகவே இவற்றைக் கையில் வைத்திருங்கள்:

சாரதி அனுமதிப்பத்திரம். அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நான்கு சில்லு டிரக்டருக்கு ஜீ வகுப்பு, கை டிரக்டருக்கு ஜீ1. மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் மட்டும் எடுத்துவிட்டு இருபது வருடமாக டிரக்டர் ஓடுகிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர்.

டிரக்டர், பெட்டி இரண்டினதும் காப்புறுதியும் வருமான அனுமதிப்பத்திரமும். காப்புறுதி இல்லாமல் பிரதேச செயலகத்தில் லைசன்ஸ் எடுக்க முடியாது. எனவே காப்புறுதி முதலில். காப்புறுதித் தாளில் பெட்டியின் இலக்கமும் ஏறியிருக்கிறதா என்று எழுத்துக்கூட்டி வாசியுங்கள்.

பெட்டி இன்னொருவர் பெயரில் இருந்தால் அவருடைய கடிதமும் அடையாள அட்டைப் பிரதியும். எங்கள் பக்கத்தில் பெட்டிகள் மூன்று நான்கு கை மாறியிருக்கும். முதல் உரிமையாளர் கனடாவில் இருப்பார், புத்தகம் இடம்பெயர்வில் தொலைந்திருக்கும். ஓப்பின் பேப்பரில் (பெயர் மாற்றாமல், கையெழுத்து வைத்த தாளோடு) வாங்கிய பெட்டி என்றால் பயணத்துக்கு முதல் மாதம் அதைச் சரிசெய்யலாம் என்று நினைக்க வேண்டாம். சரிவராது. தாள் ஒழுங்காக இருக்கிற சொந்தக்காரரின் பெட்டியை இரவல் வாங்குங்கள். நான் கடைசியில் சித்தப்பாவின் பெட்டியைத்தான் வாங்கினேன். அதன் லைசன்ஸ் திகதியைப் பார்க்காமல் விட்டது என் பிழை.

அப்புறம், எல்லாருடைய தேசிய அடையாள அட்டையும். பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழின் பிரதி போதும்.

2. ஆட்களைப் பெட்டியில் ஏற்ற வேண்டாம்

இதைச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். கல்யாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் பெட்டியில் ஏறிப் போய்ப் பழகியவர்கள் நாங்கள். ஆனால் 150 கிலோமீற்றர் பெருந்தெருவில் சாமானுக்கு மேல் பிள்ளைகளை இருத்திக்கொண்டு போவது வேறு கதை. ஏதும் நடந்தால் காப்புறுதிக்காரர் கையை விரிப்பார். திருவிழா நாட்களில் மடுவுக்கு விசேட பஸ்கள் ஓடும். சனத்தை பஸ்ஸில் அனுப்புங்கள். டிரக்டரில் ஓட்டுகிறவர் மட்டும் போகட்டும். உதவிக்கு ஒருவர் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தால் நல்லது. எங்களுக்குத் தம்பி வந்தான். பெட்டி படுக்கிறதுக்கு, பயணம் செய்கிறதுக்கு இல்லை என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்த மட்டும் இரண்டு நாள் பிடித்தது.

3. பெட்டியைக் கராஜில் காட்டுங்கள்

மூன்று கிழமைக்கு முன் செய்யுங்கள். கடைசிக் கிழமையில் எல்லாக் கராஜிலும் இதே வேலைதான் நடக்கும்.

சில்லுகளைக் கழற்றி பெயரிங்கைப் பார்த்து கிறீஸ் அடிக்கச் சொல்லுங்கள். வயலில் மெதுவாக உருளும்போது தெரியாத பெயரிங் சத்தம் தாரில் நான்கு மணித்தியாலம் ஓடினால் சூடாகிக் கத்தும். ரயரில் பூ இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. பெட்டி ரயர் தேய்ந்து சாவதை விட வெயிலில் நின்று வெடித்துத்தான் சாகும். பக்கச் சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வெடிப்புக்குள் நகம் போனால் மாற்றிவிடுங்கள்.

பெட்டியின் சில்லு டிரக்டருக்குப் பொருந்தாது. ஆகவே பெட்டிக்கென்று தனியாக ஒரு மேலதிகச் சில்லு, அதன் நட்டுக்குச் சரியான சாவி, ஏற்றிய பாரத்தைத் தூக்கக்கூடிய ஜக். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டும் சும்மா பாரம்தான்.

பின்பக்க விளக்குகளும் சிக்னலும் எரிய வேண்டும். எங்கள் பெட்டிகளில் பெரும்பாலும் வயர் எலி கடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். அதைச் சரிபண்ணி, பின்பலகையில் இரண்டு மூலைக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டுங்கள். இரவில் ஏ9இல் விளக்கில்லாத பெட்டிக்குப் பின்னால் வந்து அனுபவப்பட்டவர்களுக்கு இது சொல்லத் தேவையில்லை.

4. கூரை

எங்கள் பெட்டி பத்தடி நீளம், ஆறடி அகலம். அரைவட்டமாக வளைத்த நான்கு ஜீஐ குழாய்களைப் பக்கப் பலகையின் கொழுவிகளில் செருகி, மேலே தறப்பாள் போட்டோம். குழாயை ஒட்ட வேண்டாம், செருகுகிற மாதிரிச் செய்யுங்கள். ஓடும்போது கூரை வேண்டாம். காற்றை வாங்கித் தறப்பாள் கிழியும், பெட்டியும் ஆடும். குழாய்களைக் கழற்றிக் கட்டி வைத்துக்கொண்டு போய், அங்கே போய்ச் செருகுங்கள்.

5. சாமான் ஏற்றுகிற ஒழுங்கு

இங்கேதான் முழு வித்தையும் இருக்கிறது. எங்கள் பெட்டிக்கு நடுவில் ஒரே அச்சு, இரண்டு சில்லு. தராசு மாதிரி. பின்னால் பாரம் கூடினால் முன்தண்டு (டிரக்டரோடு கொழுவுகிற தண்டு) மேலே எழும்பி டிரக்டரின் பின்பக்கத்தைத் தூக்கும். பெரிய சில்லுகளுக்குப் பிடி குறையும், பெட்டி வால் ஆட்டத் தொடங்கும். முன்னால் அளவுக்கு மிஞ்சிக் கூடினால் டிரக்டரின் முன்சில்லுகள் இலேசாகி, ஸ்ரேரிங் திருப்பினாலும் டிரக்டர் நேரே போகும்.

மச்சான் சொன்ன கணக்கு: பத்தில் ஆறு பங்கு அச்சுக்கு முன்னால், நான்கு பங்கு பின்னால். கரவன்காரர் குளியலறைத் தராசை முன்தண்டுக்குக் கீழே வைத்து நிறுத்துப் பார்ப்பார்களாம். மொத்தப் பாரத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு வரை அதில் விழ வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. எங்களிடம் அந்தத் தராசும் இல்லை, பெட்டியின் தண்டும் அவர்களுடையதைவிடப் பாரம். நான் செய்தது இது: சாமான் ஏற்றி முடிந்ததும் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, தண்டைக் கையால் தூக்கிப் பார்த்தேன். ஒருவரால் அசைக்க முடியாமல், இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கக்கூடியதாக இருந்தது. அந்த அளவு வழி முழுக்க நன்றாக ஓடியது.

அரிசி, தேங்காய், கிடாரம், காஸ் சிலிண்டர், கருவிப் பெட்டி எல்லாம் கீழே, அச்சை ஒட்டி. பாய், தலையணை, உடுப்பு, நுளம்பு வலை மேலே. கதிரைகள் பின்னால்.

தண்ணீருக்கு ஒரு தனி எச்சரிக்கை. 200 லீற்றர் பரல் நிரம்பினால் 200 கிலோ. அரைவாசி நிரம்பினால் அதைவிட மோசம். பிரேக் பிடிக்கும்போது தண்ணீர் முன்னுக்கும் பின்னுக்கும் அடித்துப் பெட்டியை உலுக்கும். பரலை வெறுமையாகக் கொண்டு போய் அங்கே நிரப்புங்கள். வழிக்கும் முதல் இரவுக்கும் 20 லீற்றர்க் கான் நான்கு போதும். அவற்றைக் கழுத்து வரை நிரப்பி மூடுங்கள்.

ஏற்றி முடிந்ததும் குறுக்கே இரண்டு கயிறு போட்டு இறுக்கி, 500 மீற்றர் ஓடி வந்து திரும்பவும் இறுக்குங்கள். முதல் தடவை இறுக்கிய கயிறு எப்போதும் ஏமாற்றும்.

6. கொழுவுகிறது

டிரக்டரைப் பின்னால் எடுக்கும்போது யாரும் டிரக்டருக்கும் பெட்டிக்கும் இடையில் நிற்கக்கூடாது. தண்டைப் பிடித்துத் துளைக்கு நேரே வைக்க ஆள் வேண்டும்தான். டிரக்டர் நின்று, கியர் விலகி, கைப்பிரேக் போட்ட பிறகு அவர் உள்ளே வரட்டும்.

தண்டையும் டிரக்டரையும் சேர்க்கிற இரும்புப் 'பின்'னைப் போட்டதும் அதன் கீழ் நுனியில் பூட்டு ஊசி. ஆணியையோ கட்டுக்கம்பியையோ அங்கே வளைத்துவிட்டுப் போகிறவர்களைக் கண்டிருக்கிறேன். குழியில் விழுந்தெழும்பும்போது அந்தப் 'பின்' மேலே துள்ளிக் கழன்றுவிடும். இருபது ரூபாய்ச் சாமானில் மிச்சம் பிடிக்க வேண்டாம். கூடவே ஒரு பாதுகாப்புச் சங்கிலி, தண்டுக்குக் கீழால் குறுக்கே, திரும்புவதற்குக் கொஞ்சம் தளர்வு விட்டு.

இன்னொன்று, இதை மறக்கிறவர்கள் அதிகம்: டிரக்டரின் இடது, வலது பிரேக் பெடல்கள் வயலில் தனித்தனியாக இருக்கும். வீதியில் ஏறுவதற்கு முன் இரண்டையும் சேர்த்துப் பூட்டுகிற தகட்டைப் போடுங்கள். போடாமல் அவசரத்தில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால் டிரக்டர் ஒரு பக்கம் சுழலும், பெட்டி அதன் மேல் வந்து மடியும்.

7. பாதையும் நேரமும்

நாங்கள் போன வழி: விசுவமடுவிலிருந்து பரந்தன், அங்கிருந்து ஏ9இல் கிளிநொச்சி, முறிகண்டி, மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை, வவுனியா. வவுனியாவிலிருந்து மன்னார் வீதியில் பறயனாலங்குளம், பிறகு மடுச்சந்தி, அங்கே வலப்பக்கம் திரும்பினால் கோயில். எல்லாம் நல்ல தார். காட்டுக்குள்ளால் குறுக்குப் பாதை இருக்கிறது, அரைவாசி நேரத்தில் போகலாம் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். முதல் தடவை வேண்டாம். அங்கே ரயர் போனால் உதவிக்கு ஆளும் இல்லை, தொலைபேசிக்கு சிக்னலும் இல்லை.

பாரம் ஏற்றிய டிரக்டர் மணிக்கு 20, 22 கிலோமீற்றர்தான். இடைநிறுத்தங்களோடு பத்து மணித்தியாலம் என்று வையுங்கள். இதை ஒரே நாளில் ஓடி முடிக்க வேண்டாம். இருட்டின பிறகு ஏ9இல் மாடுகள் தாரின் சூட்டுக்கு நடுவீதியில் படுத்திருக்கும். மன்னார் வீதியில் யானை கடக்கும். வெளிச்சம் வந்தபின் வெளிக்கிட்டு, ஓமந்தையிலோ வவுனியாவிலோ சொந்தக்காரர் வீட்டில் இரவு தங்கி, அடுத்த நாள் பகலில் மடுவுக்குள் நுழைவதுதான் சரி. பகலில் போய்ச் சேர்ந்தால்தான் நல்ல இடமும் கண்ணுக்குத் தெரியும்.

முறிகண்டியில் எப்படியும் நிற்பீர்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு, அப்படியே பெட்டியைச் சுற்றி வாருங்கள். சில்லின் நடுக்குடத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாமல் சுட்டால் பெயரிங் போகிறது என்று அர்த்தம். நட்டுகளையும் ஒருமுறை இறுக்குங்கள். கழற்றிப் பூட்டிய சில்லில் முதல் ஐம்பது கிலோமீற்றருக்குள் நட்டு இளகும்.

8. ஓட்டும்போது

பெட்டிக்குப் பிரேக் இல்லை. இதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். நீங்கள் பிரேக் பிடிக்கும்போது டிரக்டர் நிற்கப் பார்க்கும், பெட்டி தள்ளிக்கொண்டு வரும். முன்னால் போகிற வாகனத்துக்கும் உங்களுக்கும் நடுவில் வழக்கமாக விடுகிற இடத்தைப் போல இரண்டு மடங்கு விடுங்கள். பாலத்தின் இறக்கத்திலும் குளக்கட்டு இறக்கத்திலும் முன்கூட்டியே கியரைக் குறைத்து எஞ்சின் பிடியில் இறங்குங்கள். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுகிற பழக்கத்தை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

பெட்டி வால் ஆட்டினால் பிரேக்கையும் மிதிக்காமல், ஸ்ரேரிங்கால் எதிர்த்துத் திருப்பவும் செய்யாமல், எண்ணெயை (அக்ஸிலரேட்டரை) மெதுவாகக் குறையுங்கள். வேகம் குறைய அது தானாக அடங்கும். ஓரமாக நிறுத்தி, பின்னால் இருக்கிற பாரத்தை முன்னுக்கு மாற்றுங்கள்.

திருப்பத்தில் பெட்டியின் சில்லு டிரக்டரின் தடத்தைவிட உள்ளே வெட்டும். வவுனியா நகருக்குள் இடப்பக்கம் திரும்பும்போது நடைபாதையில் நிற்கிறவர்களின் காலை நினைத்துக்கொண்டு அகலமாகத் திரும்புங்கள். காவல் இல்லாத புகையிரதக் கடவையில் நின்று பார்த்துவிட்டு ஒரே கியரில் கடந்துவிடுங்கள். டிரக்டர் தாண்டிய பிறகும் பெட்டி தண்டவாளத்துக்கு மேல்தான் இருக்கும்.

பின்னுக்கு எடுக்கிறதை வீட்டு வளவில் ஒரு பின்னேரம் பழகுங்கள். ஸ்ரேரிங்கின் கீழ்ப்பக்கத்தைப் பிடியுங்கள். கையை எந்தப் பக்கம் தள்ளுகிறீர்களோ பெட்டி அந்தப் பக்கம் போகும். கொஞ்சம் கொஞ்சமாக. கோணம் மடிந்துவிட்டால் சண்டை பிடிக்க வேண்டாம், முன்னால் இழுத்து நேராக்கித் திரும்பத் தொடங்குங்கள். பத்துப் பேர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், பத்துப் பேரும் வெவ்வேறு பக்கம் கை காட்டுவார்கள். ஒருவரை மட்டும் சைகைக்கு வைத்துக்கொண்டு மற்றவர்களைத் தேத்தண்ணி குடிக்க அனுப்புங்கள்.

9. இடம் பிடிக்கிறது

ஆவணித் திருவிழா ஓகஸ்ட் 15ஆம் திகதி. கொடியேற்றம் 6ஆம் திகதி. 12க்குப் பிறகு போனால் கிடைத்த இடத்தில் நிற்க வேண்டியதுதான். நாங்கள் 10ஆம் திகதி போனோம், அதுவே நெருக்கம். நெருக்கத்துக்குப் பயம் என்றால் முதல் தடவை ஜூலை 2ஆம் திகதி ஆடித் திருவிழாவுக்குப் போய்ப் பழகுங்கள்.

வந்ததும் கோயில் நிர்வாகத்திடம் போய்ப் பதிந்து, கூடாரம் அடிக்க எந்தப் பக்கம் விட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய்க் காட்டுக்கரையில் நிம்மதியாக இருக்கலாம் என்று தோன்றும். போக வேண்டாம். வன்னியில் முளை அடிக்கிற இடம் பலர் கால் பட்ட இடமாக இருக்க வேண்டும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருந்தால்தான் மிதிவெடி, இல்லாவிட்டால் இல்லை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பலகை விழுந்திருக்கலாம், மழை அரித்துக்கொண்டு போயிருக்கலாம். விறகு பொறுக்கவும் பற்றைக்குள் போகாதீர்கள். காட்டில் மரம் வெட்டினால் வன இலாகா வழக்கும் வரும். காஸ் அடுப்புக் கொண்டு போங்கள், 5 கிலோ சிலிண்டர் எங்கள் ஆறு பேருக்கு ஆறு நாள் தாங்கியது.

இடத்தைத் தெரிவுசெய்யும்போது மேலே பாருங்கள். காய்ந்த கொப்பு இருக்கிற மரத்துக்குக் கீழே வேண்டாம். தண்ணீர்க் குழாயிலிருந்து ஐம்பது யார் தூரம் தள்ளி இருங்கள். பக்கத்தில் இருந்தால் வசதி என்று நினைத்தோம், இரவு முழுக்க வாளிச் சத்தமும் சேறும்.

10. நிறுத்தி, மட்டம் பார்த்து, கூடாரம் அடிக்கிறது

ஒழுங்கு முக்கியம். கொழுவி இருக்கும்போதே மட்டம் பார்க்க வேண்டும். பெட்டித் தரையில் அரைவாசி தண்ணீர் விட்ட போத்தலைப் படுக்க வைத்தால் எந்தப் பக்கம் சரிவு என்று தெரியும். தாழ்ந்த பக்கச் சில்லுக்கு முன்னால் பலகைத் துண்டு போட்டு அதன்மேல் ஏற்றுங்கள். இடமும் வலமும் சரியானதும் இரண்டு சில்லுக்கும் முன்னும் பின்னும் கட்டை. அதன் பிறகுதான் பின்னைக் கழற்றி, முன்தண்டை ஜக்கில் இறக்கி முன்பின் மட்டத்தைச் சரிபண்ணுவது.

இப்போது நான் விட்ட இடம். முன்னால் ஜக் நிற்கிறது, சில்லுக்குக் கட்டை வைத்தாயிற்று, இனி என்ன என்று நினைத்தேன். மாமி பஸ்ஸால் வந்து இறங்கினவர், களைப்பில், பின்பலகையைத் திறந்து நேரே ஏறினார். தராசு என்று சொன்னேன் அல்லவா? முன்தண்டு ஜக்கை விட்டு எழும்பியது, பின்பக்கம் நிலத்தில் குத்தியது, கிடாரமும் தேங்காய் மூட்டையும் உருண்டு மாமியை நோக்கி வந்தன. நல்ல காலம், பாய்க்கட்டு இடையில் தடுத்தது. மாமி எழும்பி இருந்து, சேலையைத் தட்டிவிட்டுச் சொன்னது: "மாதாவே எண்டு வந்தனான், மடுவுக்கு வந்து காலை முறிக்கிறதே?" அந்த ஆறு நாளும் அவர் பெட்டியில் ஏறவில்லை.

ஆகவே பின்மூலை இரண்டுக்கும் கீழே கட்டை அடுக்கி இறுக்குங்கள். எங்களுக்கு முதிரைக் குத்தி இரண்டு கிடைத்தது. கரவனில் இதற்கென்று நான்கு மூலையிலும் திருகி இறக்குகிற கால் இருக்குமாம். அந்தக் கால் பாரம் தாங்க இல்லை, ஆட்டத்தை நிறுத்தத்தான் என்று மச்சான் பிறகுதான் சொன்னார். எங்கள் குத்தி இரண்டையும் செய்தது.

அந்த மாதத்தில் அடிக்கிறது சோளகம். தென்மேற்கிலிருந்து புழுதியை வாரிக்கொண்டு வரும். பெட்டியின் நீளப் பக்கத்தைக் காற்றுக்குக் காட்டாமல் முன்பக்கத்தைத் தென்மேற்குப் பார்க்க நிறுத்துங்கள், வாசல் வடகிழக்கே வரும். பக்கத்தில் சமையலுக்கு இழுக்கிற தறப்பாளின் காற்றுப் பக்க விளிம்பை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்திக் கட்டுங்கள். நிலம் ஆவணியில் கல்லு மாதிரி. மர முளை நுனி மழுங்கிவிடும். அரையங்குலக் கம்பியில் ஒன்றரை அடி முளை வெட்டுவித்துக்கொண்டு போய், அலவாங்கால் துளை போட்டு, தலைப்பக்கம் கூடாரத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து அடியுங்கள். கயிற்றில் வெள்ளைச் சீலைத் துண்டு கட்டினால் இரவில் யாரும் தடக்கி விழமாட்டார்கள்.

காஸ் அடுப்பை எந்தக் காரணத்துக்காகவும் பெட்டிக்குள் வைத்து மூட்ட வேண்டாம், மழை தூறினாலும்.

11. இரவில்

படுக்கை பெட்டியில் இருப்பதன் பெரிய லாபம் நிலத்தில் படுக்காமல் இருப்பது. கட்டுவிரியன் படுத்திருக்கிறவர்களின் பாய்க்குள் வந்து கடிக்கும், கடித்ததே தெரியாமலும் போகும். நிலத்தில்தான் படுக்க வேண்டும் என்கிறவர்கள் நுளம்பு வலையின் விளிம்பைப் பாய்க்குக் கீழே செருகட்டும். டோர்ச் இல்லாமல் இறங்கக்கூடாது. செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள். கடி என்று சந்தேகம் வந்தாலே திருவிழா மருத்துவ நிலையத்துக்கு ஓடுங்கள், அல்லது 1990க்கு அம்புலன்ஸ் அழையுங்கள். கட்டுப் போடுகிறதும் கீறுகிறதும் வேண்டாம்.

வாழைக்குலையையும் உப்பு மூட்டையையும் வெளியே தொங்கவிடாதீர்கள். பகலில் குரங்கு. இரவில் வருகிறதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மதுபானம் கொண்டு போக வேண்டாம்.

12. செலவு

எங்கள் கணக்கு, ஆறு பேருக்கு ஆறு நாள். டீசல் போக வர 70 லீற்றர். குழாயும் வெல்டிங் கூலியும் 22,000 ரூபாய், இரண்டு தறப்பாள் 15,500, பெயரிங்கும் கிறீஸும் 6,000, பழைய ரயர் ஒன்று 14,000. இவை ஒருமுறைச் செலவு, அடுத்த வருடம் இல்லை. சாப்பாட்டுச் சாமானை ஊரிலேயே வாங்கி ஏற்றுங்கள். பஸ் காசுக்குச் சில்லறை தனியாக. திடீர்ச் செலவுக்கு 10,000 எடுத்து வையுங்கள். எங்களுக்கு அது தண்டத்துக்கும் ரியூப் ஒட்டவும் சரியாகப் போனது.

13. திரும்புகிறது

15ஆம் திகதி பூசை முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் வெளிக்கிடுவார்கள். அந்த நெரிசலில் பெட்டியோடு மாட்ட வேண்டாம். 16ஆம் திகதி விடிய எழும்பி ஆறுதலாக ஏற்றுங்கள். பரலைக் கவிழ்த்து வெறுமையாக்குங்கள். ஏற்றின ஒழுங்கிலேயே ஏற்றுங்கள். வரும்போது அரிசியும் தேங்காயும் முடிந்திருக்கும், முன்பாரம் குறைந்திருக்கும், ஆகவே கிடாரத்தை இன்னும் முன்னால் தள்ளுங்கள். தண்டைத் திரும்பவும் தூக்கிப் பாருங்கள். கொழுவுகிற 'பின்', பூட்டு ஊசி, சங்கிலி, பிரேக் தகடு, விளக்கு எல்லாவற்றையும் பாருங்கள். கடைசியாகச் சில்லுக் கட்டைகள்.

முளைகளை எண்ணி அடியுங்கள், எண்ணி எடுங்கள். நாங்கள் பன்னிரண்டு அடித்தோம், பதினொன்றுதான் மூட்டைக்குள் போனது. தேடிப் பார்த்துவிட்டு, யாராவது எடுத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டு வெளிக்கிட்டோம். பறயனாலங்குளம் தாண்டி டிரக்டர் ஒரு பக்கம் இழுத்தது. இறங்கிப் பார்த்தால் முன்சில்லில் குத்தி நின்றது பன்னிரண்டாவது முளை. ரியூப் ஒட்ட 900 ரூபாய், கடை திறக்கும் வரைக்கும் காத்திருந்தது இரண்டு மணித்தியாலம்.